சாம் மொழிக் குழுவும் அதன் ஒலிமாற்றங்களும்

புதுச்சேரியின் தூமா வீதியில் உள்ள பிரெஞ்சுத் தூரக்கிழக்கு ஆய்வுப்பள்ளியின் மையம் சமஸ்கிருத, தமிழ் ஆய்வுகளுக்காகவே அறியப்படுகிறது. ஆனால் 1898இல் சைகோனில் தொல்லியல் பணிக்குழுவாகத் தோன்றி 1900இல் இன்றைய பெயரைப் பெற்ற தாய் நிறுவனம், அய்மோனியேயும் கபாத்தோனும் தொகுத்த சாம்-பிரெஞ்சு அகராதியை 1906இலேயே வெளியிட்டுவிட்டது. 1881இன் ஆணைப்படி சொந்தச் சமய, சாதிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரித் தமிழர் பலர் அக்காலத்தில் சைகோனில் அரசுப் பணியாற்றினர் என்றாலும், வடகிழக்கே கடற்கரையில் வாழ்ந்த சாம் மக்களின் எழுத்துமுறை தென்னிந்திய எழுத்து மரபிலிருந்து வந்தது என்பது அவர்களுள் எத்தனை பேரின் கவனத்துக்கு வந்திருக்குமோ.

சாம் மொழிக் குழுவைச் சேர்ந்த சாம், ஜராய், ராதே, ரோக்லாய் முதலியன வியட்நாமிலும் கம்போடியாவிலும், ட்சாத் சீனாவின் ஹைனான் தீவிலும் பேசப்படுகின்றன. அகராதி வெளிவந்த அதே 1906இல் வில்ஹெல்ம் ஷ்மித் இக்குழுவை ஆஸ்திரோ ஆசியக் கலப்பு மொழிகள் என்று வகைப்படுத்தினார். அண்டையிலுள்ள, ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த மோன்-கெமர் மொழிகளின் சொற்கள் ஏராளமாகக் கலந்திருந்ததும், சொற்களின் முதலசை தேய்ந்து அம்மொழிகளின் சாயலைப் பெற்றிருந்ததும் அவரை அவ்வழி இழுத்தன. சாம் மொழியை இந்தோனேசிய மொழிகளோடு ஒப்பிட்டு நீமான் 1891இலேயே எழுதியிருந்ததை நோக்க, இது தவிர்த்திருக்கக்கூடிய பிழையே. எண்ணுப்பெயர், உடலுறுப்பு, இயற்கைப் பொருள் முதலிய அடிப்படைச் சொற்களில் ஒலிகள் ஒழுங்காக இணங்கி வருவதே இனவுறவுக்குச் சான்று, கடன்சொற்களின் மிகுதி அன்று. இந்த அளவுகோலால் சாம் குழு மலாய் மொழியைப் போல ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உறுதியாயிற்று.

மூன்று சொற்களைக் கொண்டே மாற்றத்தின் போக்கைக் காணலாம். நிலவைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'புலான்'. இதற்கு இனமான சாம் குழுச் சொல்லின் முதல் உயிர் தேய, ஜராயில் 'ப்லான்' என்றும் ராதேயில் 'ம்லான்' என்றும் ஆயிற்று. ட்சாத்தில் அது மூச்சொலி சேர்ந்த 'பியன்' என ஓரசையாகச் சுருங்கியதோடு, முற்காலத்தில் முதலில் நின்ற ஒலிப்புடை மெய்யின், அதாவது குரல்நாண் அதிரப் பிறக்கும் மெய்யின், நினைவாகத் தாழ்ந்த தொனியையும் பெற்றது. ஐந்தைக் குறிக்கும் 'லிமா' அங்கே சமதொனியுடைய 'மா' ஆயிற்று. நான்கைக் குறிக்கும் மூலச் சாமின், அதாவது இக்குழுவின் பொது மூதாதை மொழியின், 'பாத்' இறுதி மெய்யை இழந்து ஏறுதொனியுடைய 'பா' ஆயிற்று. தொனி என்பது சொற்பொருளையே வேறுபடுத்தும் குரல் ஏற்றத்தாழ்வு. வியட்நாமியத் தொனிகள் இவ்வாறே மறைந்த மெய்களின் எச்சமாகப் பிறந்தன என்று ஓத்ரிகூர் 1954இல் நிறுவியிருந்தார். ட்சாத் பேசுவோர் தொனிமொழிகளான சீனத்துக்கும் ஹ்லாய்க்கும் நடுவே வாழ்ந்து இருமொழியாளரானது இம்மாற்றத்தை விரைவுபடுத்தியிருக்க வேண்டும். சாம் மக்களின் சம்பா அரசிலிருந்து மக்கள் 986இல் ஹைனானுக்கு வந்ததைச் சீன வரலாறுகள் குறிக்கின்றன. அம்மக்களின் மொழி சாம் இனமே என்பதைப் பால் பெனடிக்ட் 1941இல் காட்டினார்.

வியட்நாமின் பான்ராங் பகுதிச் சாம் மொழியோ வேறு வழியில் சென்றது. அங்கு ஒலிப்புடை மெய்கள் ஒலிப்பிழந்தன. அவற்றைத் தொடர்ந்த உயிர் மூச்சுத் தன்மையும் தாழ்ந்த குரலும் பெற்றது. ஆயினும் எழுத்தில் பழைய 'க', 'த', 'ப' வர்க்கங்களின் ஒலிப்புடை எழுத்துகள் தனியே நீடிப்பதால், பேச்சில் மறைந்த வேறுபாட்டை எழுத்தே காத்து நிற்கிறது. ஒலிப்புடை மெய்க்குத் தனியெழுத்தே வகுக்காத தமிழுக்குப் பழகியவர்கள் இதைக் கூர்ந்து நோக்குதல் தகும். சாம் மொழி எழுதப்பட்டதன் பழமைக்குச் சான்றான தோங் யென் சாவ் கல்வெட்டு பொதுவாக 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படுகிறது; ஆஸ்திரோனேசிய மொழியொன்றின் மிகப் பழைய எழுத்துச் சான்றான அதை ஜார்ஜ் சேடேஸ் 1939இல் பதிப்பித்தார்.

சுமத்ராவின் அச்சே மொழியிலும் சாமுக்குரிய ஒலிமாற்றங்களும் மோன்-கெமர்க் கடன்சொற்களும் காணப்படுவதால், அதைப் பேசியோரின் முன்னோர் இந்தோசீனக் கரையிலிருந்து கடல் கடந்தவர்கள் என்று சிலர் கருதுகின்றனர். அச்சே இக்குழுவின் உட்கிளையா, இணைக்கிளையா என்பதில் வாதம் இன்னும் நீடிக்கிறது.