ஏழை வீட்டு வெள்ளி



மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் வாக்கு. அந்த வாக்கைச் சற்றே தடுமாற வைக்கும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். செம்புக் குடம்போல மின்னுகின்ற ஒரு மண்சாடி. அதன் மேற்பூச்சிலே உள்ளது செம்பு அன்று, பொன். வெள்ளிபோல ஒளிர்கின்ற ஒரு தேநீர்ச் சாடி. அதிலே வெள்ளி இல்லை, பிளாற்றினம் உண்டு. இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலாளர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆக்கிய இவற்றை லஸ்டர் பாண்டங்கள் என்று அழைப்பர். ஒளிர்வு, மினுக்கம் என்பதே அச்சொல்லின் பொருள்.

இன்று இவை பழம்பொருள் சேகரிப்போரின் கண்ணாடி அலுமாரிகளில் இருக்கின்றன. ஆனால் ஆக்கப்பட்ட காலத்தில் இவற்றுட் பெரும்பாலானவை செல்வர் மாளிகைக்குரியனவாக இருக்கவில்லை. வெள்ளிப் பாத்திரம் வாங்க வசதியற்ற கடைக்காரர், கைவினைஞர், மாலுமி, சுரங்கத் தொழிலாளி ஆகியோரின் வீட்டு அடுக்குகளில் இருந்தவை இவை. அதனால் இவற்றைச் சேகரிப்பவர், அறிந்தோ அறியாமலோ, எழுத்தில் அதிகம் பதியப்படாத எளிய மக்களின் வரலாற்றையே சேகரிக்கின்றார்.

மண்பாண்டத்துக்கு உலோக ஒளி ஊட்டும் வித்தை ஆங்கிலேயர் கண்டதன்று. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபாக்களின் ஆட்சியில் இன்றைய ஈராக்கிலே இது சிறந்து விளங்கியது. அங்கிருந்து எகிப்து, பாரசீகம், ஸ்பெயின் ஆகிய நாடுகளுக்குப் பரவியது. அந்தப் பழைய முறையில் வெள்ளியும் செம்பும் சேர்ந்த பூச்சைப் பூசி, காற்றுக் குறைந்த புகைச் சூளையிற் சுடுவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கையாண்டது வேறு வழி. நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவையிற் பொன்னைக் கரைத்து, கந்தகமும் டர்பன்டைன் எண்ணெயும் கலந்த தைலத்தோடு சேர்த்து, முன்னரே சுட்டு மெருகிட்ட பாண்டத்தின் மீது மெல்லப் பூசினர். பின்னர் மிதமான வெப்பத்தில் மீண்டும் சுட்டபோது எண்ணெய் எரிந்து போக, கண்ணாற் கணிக்கவியலாத மெல்லிய பொற்படலம் எஞ்சி நின்றது.

இதிலே ஒரு விந்தை உண்டு. ஒரே பொற்கரைசல் செந்நிற அல்லது பழுப்புநிற மண்ணிற் பட்டாற் செம்பாகத் தோன்றும். வெண்ணிற மண்ணிற் பட்டால் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும். வெள்ளித் தோற்றம் வேண்டுமெனில் வெள்ளியைப் பயன்படுத்த முடியாது. அது காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். ஆதலாற் பிளாற்றினத்தை நாடினர். ஸ்பானியர் தென்னமெரிக்காவில், இன்றைய கொலம்பியாப் பகுதியில் இதனைக் கண்டு 'சிறுவெள்ளி' என்ற பொருளிற் பெயரிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஐரோப்பிய அறிஞரின் கவனத்துக்கு வந்த அந்த உலோகம், அரை நூற்றாண்டு கழிந்ததும் ஆங்கிலக் குயவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வித்தையை இங்கிலாந்தில் முதலிற் செய்தவர் யார் என்பதில் உரிமைப் போட்டி இருந்தது. ஜோன் ஹன்கொக் என்ற தொழிலாளி, 1846ஆம் ஆண்டில், ஏறத்தாழத் தொண்ணூறு வயதிலே, ஸ்டபோர்ட்ஷயர்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, ஸ்போட் நிறுவனத்தில் வேலை செய்த காலத்திலே தாமே இதனைத் தொடக்கியதாக உரிமை கோரினார். செல்வம் சேர்த்தவர் வேறு பலராக இருக்க, முதுமையில் அவர் வேண்டி நின்றது தம் பெயர் நிலைக்க வேண்டும் என்பதையே. புகழ்பெற்ற வெட்ஜ்வூட் நிறுவனமும் 1805ஆம் ஆண்டளவிலிருந்து, இளஞ்சிவப்பிலே பல வண்ணங்கள் கலந்து பரவும் 'நிலவொளி' லஸ்டர் என்னும் வகையை ஆக்கியது.

இனி, இவற்றை வாங்கியோர் யார் என நோக்குவோம். 1784ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் தேயிலை மீதான வரியை நூற்றுக்கு 119இலிருந்து 12.5 ஆகக் குறைத்தது. அதுவரை வசதி படைத்தோரின் பானமாகவும் கடத்தற் பொருளாகவும் இருந்த தேநீர், சாதாரண வீடுகளிலும் இடம்பிடித்தது. தேநீர் வந்தாற் சாடி வேண்டும், கோப்பை வேண்டும், பாற்சாடி வேண்டும். விருந்தாளி வந்தால் மேசையிலே ஏதேனும் ஒன்று பளபளக்கவும் வேண்டும். பிரபு வீட்டு வெள்ளிச் சாடியின் வடிவை அப்படியே மண்ணில் வார்த்துப் பிளாற்றினப் பூச்சிட்ட சாடி அந்த ஆசையை நிறைவு செய்தது. அன்று அவற்றில் ஊறியது சீனத் தேயிலை. நமது மலையகத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கிலே தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில்தான். அதன்பின் அந்நூற்றாண்டு முடிவதற்குள் நம் தோட்டத் தொழிலாளர் கொய்த கொழுந்தும் ஆங்கில வீடுகளின் தேநீர்ச் சாடிகளைச் சென்றடைந்தது.

லஸ்டர் பாண்டங்களிற் சாதாரண மக்களின் நெஞ்சுக்கு மிக நெருங்கியவை சண்டர்லாந்தில் ஆக்கப்பட்டவையே. இங்கிலாந்தின் வடகிழக்கே, வியர் நதி கடலிற் கலக்குமிடத்தில் உள்ள துறைமுக நகர் இது. நிலக்கரி ஏற்றித் தெற்கே சென்ற கப்பல்கள் திரும்பும்போது வெறுமையாக வரவியலாது. கடலிற் கவிழாதிருக்க அடியிற் பாரம் வேண்டும். அந்தப் பாரமாகத் தெற்கிலிருந்து வெண்களிமண்ணும் தீக்கல்லும் வந்தன. சூளைக்குக் கரி ஊரிலேயே கிடைத்தது. கப்பலின் தேவையும் குயவரின் தேவையும் இவ்வாறு ஒன்றாகப் பொருந்தியதால் அங்கே மட்பாண்டத் தொழில் செழித்தது.

ஈரமான இளஞ்சிவப்புப் பூச்சின் மீது எண்ணெய்த் துளிகளைத் தெளித்து, நீர்க்குமிழிகள் பரவியதுபோன்ற தோற்றத்தை அவர்கள் உண்டாக்கினர். நடுவிலே செப்புத் தகட்டில் வெட்டிய படத்தை மெல்லிய தாளில் எடுத்துப் பாண்டத்தில் ஒற்றிப் பதித்தனர். அதிகம் இடம்பெற்ற படம் வியர் நதியின் இரும்புப் பாலம். 1796ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அப்பாலம் 236 அடி நீளமான ஒரே வளைவால் ஆற்றைத் தாண்டி நின்றது. கப்பல்கள் அதன் கீழாகச் சென்றன. அந்தப் பாலம் 1850களின் இறுதியிலே பெருமளவு மாற்றிக் கட்டப்பட்டு, 1929இல் முற்றாக நீங்கி வேறு பாலத்துக்கு இடம் விட்டது. ஆயினும் அதன் முதல் வடிவம் நூற்றுக்கணக்கான சாடிகளில் இன்றும் நிற்கின்றது.

பாலத்துக்கு மறுபுறம் பெரும்பாலும் மாலுமியின் படம் இருக்கும். துறைமுகத்தில் மனைவியிடம் விடைபெறுகின்ற மாலுமி. அல்லது மீண்டு வருகின்ற மாலுமி. அருகிலே பிரிவுத் துயரைச் சொல்லும் சில அடிகள். வீட்டுச் சுவரிலே மாட்டுவதற்கென ஆக்கிய தட்டங்களில், இறைவன் யாவற்றையும் பார்த்திருக்கிறான், மரணத்துக்கு ஆயத்தமாக இரு என்ற கருத்துடைய வேத வாசகங்கள் காணப்படும். கடலுக்குச் சென்றவன் திரும்புவானோ என்று அறியாத வீட்டிலே இவ்வாசகங்கள் அலங்காரமாக மட்டும் இருந்திருக்க முடியாது. இத்தனைக்கும் நடுவே விளையாட்டும் உண்டு. சில குவளைகளின் உட்புறத்தில் மண்ணாற் செய்த தவளையொன்று ஒட்டியிருக்கும். குடிப்பவர் பானம் குறையக் குறைய அதனைக் கண்டு திடுக்கிடுவார்.

நாட்டு நடப்பும் இப்பாண்டங்களில் ஏறியது. 1817ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இளவரசி சார்லட் தம் 21ஆம் வயதில் மகப்பேற்றின்போது இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. நாடே துக்கித்த அந்நாளிலே இளஞ்சிவப்பு லஸ்டர்க் கோப்பைகளில் அவர் நினைவு பதிந்தது. 1819ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி மான்செஸ்டரின் புனித பீற்றர் திடலிலே வாக்குரிமை கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தின் மீது குதிரைப் படை பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர். அன்று பேச வந்து கைதான ஹென்றி ஹண்டின் உருவம் லஸ்டர் விளிம்பிட்ட சாடிகளில் ஏறியது. வாக்குரிமையற்ற ஒருவர் தம் அரசியலை வீட்டுக்கு வருவோர்க்கு உணர்த்த, அடுக்கிலிருந்த ஒரு சாடி போதுமாயிருந்தது.

இவ்வொளியின் பின்னே இருந்த இருளையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 1840களின் தொடக்கத்திலே சிறுவர் தொழில் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழு, ஸ்டபோர்ட்ஷயர் மட்பாண்டச் சாலைகளையும் சென்று பார்த்தது. அச்சுக்களைச் சுமந்துகொண்டு வனைபவரிடமிருந்து சூடேறிய உலர் அறைக்கும் அங்கிருந்து மீண்டும் அவரிடமும் நாள் முழுவதும் ஓடிய சிறுவரை அது கண்டது. ஈயம் கலந்த மெருகு நீரிற் பாண்டத்தைத் தோய்த்தவர் நஞ்சேறி நோயுற்றனர். ஓர் ஏழையின் வீட்டை அலங்கரித்த குவளை, இன்னோர் ஏழையின் உடலை வருத்தியே உருவாயிற்று. சேகரிப்போரின் கைநூல்கள் வடிவத்தையும் வண்ணத்தையும் விரித்துரைக்கும் அளவுக்கு இதனைச் சொல்வதில்லை.

1840ஆம் ஆண்டில் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். மலிவான முலாம் பாத்திரங்கள் பரவியதும் வெள்ளி லஸ்டரின் மவுசு குன்றியது. சண்டர்லாந்தின் காரிசன் மட்பாண்டச் சாலை 1865இல் மூடப்பட்டது. பின்னர் வில்லியம் டி மோர்கன் பழைய ஸ்பானிய முறையை மீட்டெடுத்ததும், 20ஆம் நூற்றாண்டிலே வெட்ஜ்வூட் நிறுவனத்தில் டெய்சி மேக்கிக் ஜோன்ஸ் என்ற பெண் ஓவியர் தேவதைக் கதை உலகைத் தீட்டியதும் வேறு கதை. அவை தொடக்கத்திலேயே வசதியுள்ளோர்க்கென ஆக்கப்பட்டவை. இன்று ஏலத்திற் பல ஆயிரம் பவுண்கள் பெறுபவை.

சாதாரண லஸ்டர் சாடியைச் சேகரிப்பவர் எதனைப் பார்க்க வேண்டும்? பல பாண்டங்களில் ஆக்கியோர் முத்திரை இல்லை. இளஞ்சிவப்புக் குமிழ்ப் பூச்சு இருந்தால் உடனே சண்டர்லாந்து என்பர். ஆனால் நியூகாசில், ஸ்டபோர்ட்ஷயர் முதலிய இடங்களிலும் அது ஆக்கப்பட்டது. படத்தை மட்டும் நம்பவும் இயலாது. ஒரு சாலை மூடப்பட்டால் அதன் செப்புத் தகடுகளை இன்னொரு சாலை வாங்கிக்கொள்ளும். 20ஆம் நூற்றாண்டிலும் அதே பாணியிற் புதியவை ஆக்கப்பட்டன. எனவே அடிப்புறத் தேய்வு, மண்ணின் பாரம், கைபிடியில் விரல் பட்ட இடம், விளிம்பில் உதடு பட்ட இடம் ஆகியவற்றை அனுபவமுள்ளோர் நோக்குவர். பூச்சு மிக மெல்லியதாகையாற் கரடான பொருள்கொண்டு தேய்த்துக் கழுவினால் இருநூறு ஆண்டு ஒளி சில நாட்களிற் போய்விடும்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உள்ளது. சந்தையிலே தேய்வில்லாத பாண்டத்துக்கு விலை அதிகம். ஆனால் வரலாற்று மாணவனுக்குத் தேய்ந்த பாண்டமே அதிகம் பேசும். தேய்ந்த விளிம்பு, அது வெறும் காட்சிப் பொருளாக இராமல் ஒரு குடும்பத்தின் நாளாந்தப் பாவனையில் இருந்தது என்பதற்குச் சான்று. சில சாடிகளில் மணமக்களின் பெயரையும் ஆண்டையும் கையால் எழுதியிருப்பர். நம்மவர் கலியாணச் சீராகக் கொடுக்கும் பித்தளைப் பாத்திரத்திலே பெயர் வெட்டுவிப்பது போன்றதே இது. அத்தகைய சாடி கைமாறும்போது, எந்த ஊரில், எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பும் உடன் செல்லாவிடின், பெயர் எஞ்சும், ஆள் மறைந்துவிடுவார். வாங்குபவர் செலுத்தும் விலையோடு அந்தக் குறிப்பையும் கேட்டு எழுதி வைப்பது பெரும் பணியன்று. செய்யாது விட்டால் அந்த இழப்பைப் பின்னர் எவராலும் ஈடுசெய்ய முடியாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. உண்மையான வெள்ளிக்கு ஓர் ஆபத்து உண்டு. பணமுடை வந்தால் அது உருக்கப்படும். 1643ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின்போது முதலாம் சார்ள்ஸ் மன்னன் ஒக்ஸ்போர்ட் கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்களைப் பெற்று நாணயமாக்கினான். எத்தனையோ அரிய வேலைப்பாடுகள் அவ்வாறு அழிந்தன. லஸ்டர் சாடியிலும் பொன் உண்டு; ஆனால் சுரண்டி எடுத்து விற்பதற்கு அது போதாது. ஆகவே அதனை எவரும் உருக்கவில்லை. அடகு பிடிப்பவர்க்குப் பெறுமதியற்றதாக இருந்தமையே அதனைக் காத்தது.

இலண்டனுக்குச் செல்லும் நேயர்கள் விக்ரோரியா அல்பேட் நூதனசாலையின் மட்பாண்டக் கூடத்திலும், வடக்கே செல்வோர் சண்டர்லாந்து நூதனசாலையிலும் இவற்றைக் காணலாம். அங்கு வாழும் நம் உறவினர் வார இறுதிச் சந்தைகளிலும் இவற்றைக் கண்டிருப்பர். அடுத்த முறை காணும்போது ஒளியைப் பார்த்த பின்னர் சாடியைத் திருப்பிப் பெயரையும் ஆண்டையும் படித்துப் பாருங்கள்; விற்பவரிடம் அது வந்த ஊரையும் கேளுங்கள். நம் வீட்டுப் பரணிலும் பெயர் வெட்டிய செம்போ குத்துவிளக்கோ இருக்கக்கூடும். அப்பெயர் யாருடையது என்று சொல்லக்கூடிய மூத்தவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.