பொற்றாமரைச் சுவரும் கிடாரிப்பட்டிப் பாறையும்

மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபச் சுவர்களில், நாயக்கர் காலத்தில் சிவனின் திருவிளையாடல் காட்சிகளைத் தீட்டினார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலையின் கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தில் காவியும் வெள்ளையுமாகப் பாறை ஓவியங்கள் உள்ளன. இரண்டுமே மதுரையின் ஓவியங்கள்தாம். ஆனால் முதலாவதைத்தான் ஊர் தன்னுடையதாக நினைக்கிறது.

காரணம் புரியாததல்ல. பொற்றாமரைச் சுவரில் இருப்பது மதுரைக்காரர்களின் சொந்தக் கதை. உடைந்த வைகைக் கரை, மண் கூடையோடு சிவன், பிட்டுக்கார வந்திக் கிழவி, பாண்டியனின் பிரம்படி எல்லாமே நம் தெருக்களில் நடந்ததாகவே பாட்டிமார் சொல்வார்கள். ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் அதே கதை விழாவாக மறுபடி நடக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சுவர் ஓவியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓவியத்துக்குப் பொருளுதவி செய்தவர்களும் கண்முன் இருக்கிறார்கள். ஊஞ்சல் மண்டப விதானத்தில், மீனாட்சி கல்யாணக் காட்சியை ஒட்டி ராணி மங்கம்மாளையே வரைந்திருக்கிறார்கள்.

கிடாரிப்பட்டியில் நிலைமை வேறு. சுண்ணாம்புப் பூச்சு இல்லை, வெறும் பாறைமேல் நேரடியாக நிறம். அதே குகையின் முகப்பில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகளில் கொடையாளிகளின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன: மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு விற்றவர், துணி விற்றவர். சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளை மக்கள் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்கிறார்கள். பின்னாளில் வந்த தீர்த்தங்கரர் சிற்பத்தின் அருகே அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர் இருக்கிறது. உப்பு விற்றவருக்கும் பெயர் நிலைத்த அந்த இடத்தில் ஓவியம் வரைந்தவருக்கு மட்டும் பெயரில்லை, கதையும் இல்லை. அவரைப் போன்ற இம்மண்ணின் தொல்குடிகளை நினைக்கும்போது எனக்கு நெஞ்சில் தைப்பது இதுதான்.

காக்கும் முறையிலும் இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பழங்குடியினர், ‘வாஞ்சினா’ என்னும் மூதாதைத் தெய்வ உருவங்களைப் பாறையில் மீண்டும் மீண்டும் வண்ணமிட்டுப் புதுப்பித்து வந்தார்கள். கதை அவர்களிடம் இருப்பதால் அது அவர்கள் உரிமை. பொற்றாமரைச் சுவரிலும் பழைய ஓவியங்களில் சில பகுதிகளே எஞ்சியுள்ளன. அவற்றை அப்படியே பேணிக்கொண்டு, அழிந்துபோன காட்சிகளை வேறிடத்தில் புதிதாக வரையலாம். கதை தெரிந்த ஊருக்கு அந்தத் தகுதி உண்டு. கிடாரிப்பட்டிப் பாறையில் மறுவண்ணம் தீட்ட நம்மில் எவருக்கும் தகுதியில்லை. அங்கே பூசினால் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியையும் கலைத்தவர்களாவோம். சுண்ணாம்புக் கோடும் கரிக்கிறுக்கலும்கூட அந்தக் குற்றமே.

காக்க மனமிருந்தால் ஊரால் முடியும். மேலூர் அருகே அரிட்டாபட்டியை 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024இல் அதைச் சூழ்ந்த நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனபோது, சுற்றுக் கிராமத்தினர் திரண்டு மதுரைக்கே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டி மக்களுக்குத் தங்கள் மலையின் குடைவரையும் கல்வெட்டும் தெரிந்திருந்தன. கிடாரிப்பட்டியை மதுரைப் பிள்ளைகளுக்கும் அப்படித் தெரியவைக்க வேண்டும். கோயிலுக்கும் திருமலை நாயக்கர் மகாலுக்கும் போகும் பள்ளிச் சுற்றுலாவில் இந்த மலைக்கென அரைநாள் ஒதுக்கினாலே போதும்.