கடைமடைக்குப் போகாத கம்பி

காவேரிப்பாக்கம் ஏரி, தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், வெட்டப்பட்டது என்பர். வாலாஜாபேட்டை அருகே பாலாற்றில் உள்ள அணைக்கட்டிலிருந்து இதற்குக் கால்வாய் வருகிறது. ஏரி நிறைந்த ஆண்டுகளிலும் கடைமடைக்காரரின் முறையீடு தீர்வதில்லை. நீர் இருப்பது வேறு, நீர் வந்து சேர்வது வேறு. கிராமங்களுக்கு இணையம் வேண்டுமென்று கால் நூற்றாண்டாக நடந்துவரும் முயற்சிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடைமடைதான் நினைவுக்கு வருகிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இங்கிருந்து வெகு தொலைவில்லாத வாலாஜா ரோடு. சென்னையோடு இணைக்கப்படுவதில் முந்திக்கொண்ட வட்டாரம் இது. ஆனால் தண்டவாளம் ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்கப்பால் மாட்டுவண்டிதான். தொலைபேசிக்கும் அதே கதை நேர்ந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது டெநெட் குழுவினரும் 1990களில் எழுப்பிய வாதம் எளிமையானது. ஒரு தொலைபேசி இணைப்பைத் தர ஆகும் செலவு 30,000 ரூபாய்க்கு மேல் இருக்கும்வரை அது கிராமத்தானுக்கு எட்டாது. அச்செலவை 10,000 அளவுக்குக் கொண்டுவந்தாலொழிய வேறு வழியில்லை. வெறும் கோரிக்கையோடு நிற்காமல் கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு முறையையும் உருவாக்கினார்கள். ஊரிலுள்ள ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பேச்சும் இணையமும் போகும். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இந்த முறையில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. எஸ்.டி.டி. பூத் போல உள்ளூர்க்காரர் ஒருவர் கடன் வாங்கி மையத்தை நடத்துவார். சான்றிதழ் விண்ணப்பம், கணினிப் பயிற்சி, அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை கேட்பது என்று பலவும் நடந்தன.

சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. வருமானம் கடனைக் கட்டப் போதவில்லை. கருவி பழுதானால் வந்து பார்க்க ஆளில்லை. இரண்டாவது காரணத்தை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்றொருவர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், வாய்க்காலைக் காப்பதும், யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்குக் கூலியாக நெல் உண்டு. இணைய மையங்களுக்கு ஊர் அப்படி ஒருவரை அமர்த்தவில்லை. அமர்த்தும்படி ஊரை யாரும் கேட்கவுமில்லை.

புதுச்சேரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் வேறு பாதையில் சென்றது. இலாபக் கணக்கை அது முன்வைக்கவில்லை. ஊர் பொது இடம் ஒன்றைத் தர வேண்டும், அங்கே சாதி பார்க்காமல் எல்லோரும் வந்துபோக வேண்டும் என்பவை நிபந்தனைகள். (இரண்டாவது நிபந்தனைதான் கடினமானது என்று நம் கிராமங்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவர் குடியிருப்புக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். இளைஞர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின; மக்கள் பிழைத்தனர். அன்று உதவியது இணையம் அல்ல, ஒலிபெருக்கிதான் என்று வாதிடலாம். அந்த ஒலிபெருக்கி அங்கே வந்தது எதனால் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அதன்பின் கிளர்ச்சி தன்னார்வலர் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. நாட்டின் சுமார் 2.5 இலட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போடும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. பின்னர் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள். இதற்கென மாநில அரசு 2018-இல் தனி நிறுவனம் அமைத்தது. ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் குறித்த புகார்களால் 2020-இல் அதைப் புதிதாகக் கோர வேண்டியதாயிற்று. கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் பாடம் கேட்க மொட்டைமாடியிலும் மரத்தின் மேலும் ஏறி அலைவரிசை தேடிய ஆண்டும் அதுதான். இந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். களப்பணி 2022-இல்தான் தொடங்கியது.

அத்திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் ஏரிப் பாசனம் மாதிரியே இருக்கிறது: ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை இழை. காவேரிப்பாக்கம் பேரூராட்சி, அதைச் சுற்றியுள்ள ஒன்றியக் கிராமங்களே இந்தக் கணக்கில் சேரும். ஊராட்சி அலுவலகத்திலிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் கொண்டுபோவது இன்னொருவர் வேலை. சாலையை அகலப்படுத்தும் பொக்லைன் இழையை அறுத்துவிட்டால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் சரியாகும் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லி, அடுத்த கிராம சபையில் கேட்கலாம்.