வெயிலைத் தேடிய மனையும் நிழலைத் தேடிய மனையும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கோபுரங்களிலும் மட்டும் தேடுதல் போதாது. மக்கள் உண்டு உறங்கிய மனைகளும் வரலாறு பேசும். சுவரின் கனமும், சாளரத்தின் அகலமும், கூரையின் சாய்வும் அந்நிலத்தின் வெயிலையும் மழையையும் கூறும். அங்கு வாழ்ந்தோரின் செல்வத்தையும் விருப்பத்தையும் உணர்த்தும். அவ்வாறு நோக்கும்போது, ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்று முகத்துவாரமும் நம் முத்துக்குளித்துறையின் தென்பகுதியும் ஒருவரது வாழ்வால் இணைந்து நிற்பதைக் காணலாம்.

பெரியதாழைக்குத் தென்மேற்கே கூடுதாழை, கூட்டப்பனை, உவரி என நெய்தல் நிலத்து ஊர்கள் தொடர்கின்றன. தாழையும் பனையுமே இங்கு ஊர்ப்பெயர்களாயின. கரையோரத்துப் பரதவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். கரையைவிட்டு உள்ளே சென்றால் செம்மணல் தேரியும் பனங்காடும் விரியும். அப்பனங்காட்டின் நடுவே அமைந்த சிற்றூர் இடையன்குடி. 1841-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூருக்கு வந்து சேர்ந்தவர் இராபர்ட் கால்டுவெல்.

கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். கிளாஸ்கோ நகரில் வளர்ந்தவர். இளமையில் டப்ளின் நகரில் ஓவியக்கலை பயின்றார். பின்னர்க் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கல்வி கற்று 1838-இல் சென்னை வந்தார். மொழியறிஞராகவே நாம் அறிந்துள்ள அவரிடம் வடிவங்களை நோக்கும் ஓவியக் கண்ணும் இருந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

அவர் பிரிந்து வந்த கிளைடு கரையில் அந்நூற்றாண்டில் ஒரு புதுவகைக் கட்டடக்கலை தழைத்தது. 1812-இல் ஹென்றி பெல்லின் ‘காமெட்’ என்னும் நீராவிப் படகு அவ்வாற்றில் ஓடத் தொடங்கியது. 1858-இல் ஹெலன்ஸ்பரோ ஊருக்கு இருப்புப்பாதை வந்தது. கிளாஸ்கோவின் புகையிலிருந்து விடுதலை தேடிய வணிகரும் ஆலை முதலாளிகளும் கடலை நோக்கிய மாளிகைகளை எழுப்பினர். இவையே விக்டோரியா காலத்து வில்லாக்கள். மணற்கல் சுவர்களும், பனி தங்காது வழியும் செங்குத்தான கற்பலகைக் கூரைகளும், அறைதோறும் கணப்பும் அவற்றின் இயல்புகள். சிறு கோபுரங்களையும், படிப்படியாய் ஏறும் உச்சிச் சுவர்களையும் வைத்துப் பழைய கோட்டையின் சாயலை அளித்தவர்களும் உண்டு. 1856-இல் கட்டி முடிந்த அரசியாரின் பால்மோரல் மாளிகை அவ்விருப்பத்திற்கு முன்மாதிரியாய் நின்றது. எனினும் அவ்வில்லாக்களின் உயிர், சுவரைவிட்டு வெளியே புடைத்து நின்ற பெருஞ்சாளரமே. கண்ணாடி மீதான தீர்வை 1845-லும் சாளர வரி 1851-லும் நீங்கின. அதன்பின் அகன்ற கண்ணாடிச் சாளரம் நடுத்தரச் செல்வர்க்கும் எட்டியது. அரிதாய் வரும் வெயிலை மூன்று பக்கத்தாலும் வீட்டுக்குள் வரவேற்பதே அதன் நோக்கம்.

தேரிக்காட்டில் நிலைமை நேர்மாறு. இங்கு வெயிலை வரவேற்க வேண்டுவதில்லை. அதனை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும். கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்த இல்லம் கிளைடு கரை வில்லாவின் பிரதியன்று. ஓட்டுக் கூரையும் தாழ்வாரமும் கொண்ட எளிய மனை அது. அங்கே கண்ணாடிச் சாளரம் செய்த பணியை இங்கே தாழ்வாரத்து நிழல் செய்தது. அங்கே வெம்மையைக் காத்த சுவர் இங்கே வெம்மையைத் தடுத்தது. அந்த நிழலில் வாழ்ந்த காலத்தில்தான், 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்குரிய ஆராய்ச்சி வளர்ந்தது.

தமக்கென எளிய மனையை ஏற்ற அவர், ஊருக்கெனப் பெருந்திட்டம் வகுத்தார். நேரான தெருக்கள் அமைத்தார். கிணறு வெட்டி மரம் வளர்த்தார். கூர்வளைவுச் சாளரங்கள் அமைந்த திரித்துவ ஆலயத்தை 1847-இல் தொடங்கினார். 1880 ஜூலையில் அது திருநிலைப்படுத்தப்பட்டது. சாளர வளைவுகளின் வடிவத்தை அவரே களிமண்ணில் செய்து கொத்தர்களுக்குக் காட்டினார் என்பது வழிவழி வரும் செய்தி. வடிவம் மேனாட்டுக் காதிக் பாணி; அதனைக் கல்லிலும் காரையிலும் நிறுத்தியதோ இந்நாட்டுக் கைத்திறம்.

அக்கைத்திறத்தின் பெருமையைச் சற்று விரித்துரைத்தல் தகும். கடலோரச் சிப்பிகளைச் சூளையிலிட்டு நீற்றிய சுண்ணாம்பு இக்கரையின் பழம்பொருள். அதனை மணலுடன் நாட்கணக்கில் புளிக்கவைத்து அரைத்தனர். கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டியையும் சேர்த்தனர். மெருகுப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் கலந்தனர். உவர்க்காற்றில் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் ஆற்றல் இச்சாந்துக்கு உண்டு. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கூரையைத் தாங்கியது. இந்த அறிவு ஏட்டில் எழுதப்படாதது. தந்தையின் கையிலிருந்து மகன் கைக்கு வந்தது.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தல் ஆகாது. இப்பனங்காட்டு மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், அவர்களைத் தாழ்த்தி உரைத்ததென்று பின்னாளில் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. எம்மக்களின் அறிவாற்றலை ஐயுற்று எழுதினாரோ, அம்மக்களிடையே அவர் எழுப்பிய கட்டடங்களே அந்த ஐயத்துக்கு விடையாய் நிற்கின்றன. கற்பித்தவர் ஒருவர், கற்றவர் பலர் என்று மட்டும் இவ்வரலாற்றை எழுதுதல் முறையன்று. வெயிலையும் உவரையும் வெல்லும் வழியை ஊரார் அவருக்குக் கற்பித்தனர் என்பதையும் சேர்த்தே எழுதல் வேண்டும்.

சுண்ணாம்பைக் கைவிட்டதன் விளைவைக் கிளைடு கரையே பின்னர் உணர்த்தியது. விக்டோரியா மறைந்த பின், ஹெலன்ஸ்பரோவில் 1902 முதல் 1904 வரை ‘ஹில் ஹவுஸ்’ என்னும் புகழ்மிக்க மனையைச் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் கட்டினார். அதன் புறச்சுவருக்கு அக்காலப் புதுமையான போர்ட்லண்டு சிமெண்டுப் பூச்சு இடப்பட்டது. உட்புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றிச் சுவர் நூறாண்டுகளாய் ஊறியது. இறுதியில் 2019-இல் வீடு முழுவதையும் உலோக வலைப் பேழைக்குள் வைத்து உலர்த்த நேர்ந்தது. கட்டடக்கலை மேதையின் மனைக்கே அந்நிலையெனில், கடற்காற்று வீசும் நம் பழமனைகளுக்குச் சிமெண்டால் ஒட்டுப்போடுவது எத்துணைத் தீங்கு என்பது சொல்லாமலே விளங்கும்.

கால்டுவெல் 1883-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891 ஆகஸ்ட் 28-இல் கொடைக்கானலில் மறைந்து, இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் பெற்றார். அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்து 2011 பிப்ரவரியில் நினைவகமாக்கியது. போற்றுதற்குரிய செயல் அது. ஆயின் நினைவகம் என்பது பெயர்ப்பலகையால் மட்டும் நிலைப்பதன்று. சுண்ணாம்பு நீற்றவும் காரை அரைக்கவும் அறிந்த கொத்தர்கள் அருகிவிட்டனர். எஞ்சியோரிடமிருந்து அவ்வறிவை இளையோர் பெற்றால்தான் பெரியதாழை முதல் உவரி வரையுள்ள பழஞ்சுவர்களும் பிழைக்கும். மனையின் பெயர் அதில் வாழ்ந்தவருக்கு உரியது. அதன் ஆயுள் அதைக் கட்டியவரின் கைக்கு உரியது.