பித்தளையும் ஈயப்பூச்சும் பச்சிளம் குழந்தையும்

கூடலூர் முதல் தேனி வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில், எவர்சில்வர் புழக்கத்துக்கு வரும்வரை, தண்ணீருக்கும் பாலுக்கும் மண்பானையை விட்டால் செம்பும் பித்தளையும்தான். பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் குடம், தவலை, அண்டா, சொம்பு எல்லாம் பித்தளையில் போயின. ஆற்றிலும் கிணற்றிலும் முகந்த நீர் அந்தக் குடத்தில் வீடு வந்தது. மாடு வைத்திருந்தவர்கள் பாலையும் பித்தளையிலேயே கறந்து காய்ச்சினார்கள். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதில் செம்பின் பங்கே பெரிது. புளிப்பு பட்டால் செம்பு விரைவாகக் கரையும். வெறும் நீர் இரவெல்லாம் நின்றாலும் சிறிது கரையும். பாத்திரத்தில் பச்சையாகப் படியும் களிம்பு கண்ணுக்குத் தெரியும். நீரில் கரைந்த செம்பு பெரும்பாலும் தெரியாது.

இதற்குக் கண்ட தடுப்பு ஈயம் பூசுவது. துருத்தியும் கரியும் சுமந்து ஊர் ஊராக வந்த ஈயம் பூசுபவர், தெருவோரத்தில் சிறு குழி தோண்டி, துருத்தியின் வாயை அதில் பொருத்தித் தணல் மூட்டுவார். மணலும் புளியும் போட்டுத் தேய்த்த பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துத் தணல்மேல் சுழற்றி, சூடேறியதும் நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை குப்பென்று எழும். உலோகத்தின் மேலிருந்த மாசு அதோடு நீங்கும். உடனே வெள்ளீயத் துண்டை உள்ளே இழுத்து, உருகி ஓடுவதைத் துணிச்சுருளால் துடைத்துப் பரப்ப, மஞ்சள் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல மாறிவிடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால் கரித்தணலே இந்த வேலைக்குப் போதும். ஆனால் கரண்டி உரச உரசப் பூச்சு தேயும். மறுபடி பூசியாக வேண்டும். கைச்செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்ட வீடுகளில் பாலும் நீரும் நேராகப் பித்தளையைத் தொட்டன. மலிவாக முடிக்கக் காரீயத்தைக் கலந்து பூசினாலோ கேடு இன்னும் பெரிது. காரீயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். 1955-இன் உணவுக் கலப்படத் தடை விதிகள், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு ஆகாதவை என்றன.

செம்பு உடலுக்குத் தேவையான தாதுதான். மிகுந்துபோனதைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும் என்பதால் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை. பச்சிளம் குழந்தையிடம் அந்தத் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. பிறக்கும்போதே அதன் ஈரலில் செம்பின் இருப்பும் அதிகம். மேலும் மேலும் வந்து சேர்ந்தால் ஈரல் தாங்காது.

தாங்காமல் போனதன் விலையை இந்தியக் குழந்தைகள் நெடுங்காலம் கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் நாலைந்து வயது வரையான பிள்ளைகளுக்கு வயிறு உப்பி, ஈரல் கல்லாக இறுகி, காமாலை கண்டு, பெரும்பாலும் மரணத்தில் முடிந்த ஒரு நோயை 1887-இல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் பதிவு செய்தார். பின்னர் அது இந்தியக் குழந்தை ஈரல் சுருக்க நோய் எனப்பட்டது. ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் இறந்ததும் உண்டு. தமிழ்நாட்டில் இந்த அச்சம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு, குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே சென்னையில் புகழ்பெற்ற ஜம்மி மருந்தே சான்று. சென்னையின் எஸ்.டி. ஆச்சாரும் உடனிருந்தவர்களும் 1960-இல் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார்கள். காரணம் அப்போதும் பிடிபடவில்லை.

பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டானர் உள்ளிட்டோர் 1970-களின் இறுதியில், நோயுற்ற குழந்தைகளின் ஈரலில் செம்பு பன்மடங்கு குவிந்திருப்பதைக் கண்டார்கள். புனேயின் ஆனந்த் பண்டிட், ஷீலா பவே ஆகியோருடன் டானர் செய்த ஆய்வு 1983-இல் வெளிவந்தது. பித்தளையிலும் செம்பிலும் காய்ச்சி வைத்த விலங்குப்பாலை மிக இளம் வயதிலேயே பெற்ற குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பாலின் புரதம் செம்பைப் பற்றி இழுத்துக்கொள்வதால், நீரைவிடப் பாலில் அது கூடுதலாக ஏறும். மாடும் பித்தளையும் வாங்க முடிந்த, ஓரளவு வசதியான கிராமத்து வீடுகளை இந்நோய் குறிவைத்ததற்கு இதுவே விளக்கம். ஒரே பாத்திரத்துப் பால் குடித்த எல்லாருக்கும் வரவில்லை என்பதால் பரம்பரைக் கூறும் சேர்ந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டிலும் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே போன்ற நோய்க்கு ஆளானார்கள். அங்கும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்துப் பால்தான். ஜெர்மனியில் குடிநீரே குற்றவாளி ஆனது. அமிலத்தன்மை கொண்ட கிணற்று நீர் செம்புக் குழாய்கள் வழியே வர, அதில் பால்மாவு கரைத்துப் புகட்டிய குழந்தைகளின் ஈரல் கெட்டது.

எவர்சில்வர் அடுப்படியைப் பிடித்தபோது இந்தியாவில் நோயும் அரிதாயிற்று. ஈயம் பூசுபவரின் பிழைப்பும் அதோடு போனது.

பாத்திரத்தில் குறைந்த செம்பு, கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் வேறு உருவில் உண்டு. பன்னீர் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கும், போடி விவசாயிகள் மலையில் வளர்க்கும் ஏலக்காயின் அழுகலுக்கும் தெளிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. 1885-இல் பிரான்ஸில் மில்லார்டே வெளியிட்ட முறை அது. கலவை சரியா என்று பார்க்கத் தீட்டிய கத்தியை முக்குவார்கள். செந்நிறம் படிந்தால் செம்பு இன்னும் கட்டுப்படவில்லை, சுண்ணாம்பு போதாது என்று பொருள். அது கலந்த வாளியும் பீப்பாயும் எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது.

செம்புக் குடமும் செம்பு பாட்டிலும் இப்போது உடல்நலத்தின் பெயரால் திரும்பியிருக்கின்றன. இரவு முழுதும் செம்பில் வைத்த நீரில் கிருமிகள் மடிவதைப் பெங்களூரு ஆய்வொன்று 2012-இல் காட்டியது. அதில் கரைந்த செம்பு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு வெகு கீழே இருந்தது. இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 0.05 மில்லிகிராம்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. பெரியவர்களுக்கு இந்த நீர் ஏற்கும். அதே குடத்தில் எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றினால் கணக்கு மாறிவிடும். கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே; பால்மாவு கொடுக்க நேர்ந்தால் அதற்கான நீரையும் பாலையும் எவர்சில்வரில் வைக்க வேண்டும். செம்பில் நின்ற நீரைக் காய்ச்சிப் பயனில்லை. கிருமி சாகும், ஆனால் நீர் சுண்டச் சுண்டச் செம்பின் செறிவு கூடும்.