ஏரியல் வளர்ந்த வரலாறு

வானொலிப் பெட்டி நம் வீடுகளுக்குள் வந்த காலத்தில், அதனுடன் ஒரு செப்புக் கம்பியும் வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், மாடியின் இரு மூலைகளில் மூங்கில் நட்டு, அக்கம்பியை இழுத்துக் கட்டி, முனைகளில் பீங்கான் கோத்து, அதன் வாலைச் சன்னல் வழியே பெட்டிக்குக் கொணர்ந்தன. சிற்றலையின் கரகரப்புக்கிடையே தமிழ்ச் செய்தி கேட்ட நாட்களை நம்முள் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒலி மங்கினால் பெட்டியைக் குறை கூறினோம். தெளிந்தால் பெட்டியையே புகழ்ந்தோம். வெயிலிலும் மழையிலும் மாடியில் கிடந்த கம்பியை நினைத்தவர் சிலரே. ஏரியல் எனப்படும் அக்கம்பி பிறந்து வளர்ந்த கதையையும், அதனை வளர்த்த அமெச்சூர் வானொலியாளர்களின் தொண்டையும் இங்கே காண்போம். ஊதியம் கருதாது, தேர்வெழுதி உரிமம் பெற்று, தம் வீட்டிலிருந்தே உலகோடு பேசுவோரையே அமெச்சூர் வானொலியாளர் என்கிறோம்; ‘ஹாம்’ என்பது அவர்களுக்குள்ள செல்லப் பெயர்.

ஏரியலின் பிறப்பிடம் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்று. மின்காந்த அலைகள் இருத்தல் வேண்டும் என்று மாக்ஸ்வெல் என்ற மேதை கணக்கினால் கண்டதை, ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1886 முதல் 1888 வரை செய்த சோதனைகளால் மெய்ப்பித்தார். இரண்டு உலோகக் கம்பிகளை நேர்க்கோட்டில் வைத்து, நடுவே சிறிது இடைவெளி விட்டு, அதில் மின்பொறி பாயச் செய்தார். எட்ட இருந்த வளையக் கம்பி ஒன்றின் இடைவெளியிலும் நுண்ணிய பொறி தோன்றிற்று. நடுவில் பிரிந்த அந்த நேர்க்கம்பியே பிற்கால ஏரியல்களுக்கெல்லாம் தாய் எனலாம். நம் நாட்டிலும் ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், கம்பித் தொடர்பின்றியே தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். மில்லிமீட்டர் கணக்கில் அளக்கத்தக்க மிகச் சிறிய அலைகளை ஆராய்ந்த அவர், அவற்றைத் திரட்டப் புனல் போன்ற உலோகக் குழலைக் கையாண்டார். அக்குழலின் வழித்தோன்றல்களை இன்றைய செயற்கைக்கோள் தட்டுகளின் நடுவே காண்கிறோம்.

ஏரியலை நிலத்தினின்றும் மேலே தூக்கியவர் இத்தாலிய இளைஞர் மார்க்கோனி. 1895-ல் பொலோஞா நகரின் அருகே தம் தந்தையாரின் தோட்டத்தில், கம்பியின் ஒரு முனையை உயரத்திலும் மறு முனையை மண்ணிலும் வைத்தபோது, அலை குன்றைக் கடந்தும் சென்றதை அவர் கண்டார். கம்பத்தின் உயரம் இரு மடங்கானால் செய்தி செல்லும் தொலைவு நான்கு மடங்காகும் என்று ஒரு விதியையும் வகுத்தார். அன்று பயன்பட்ட அலைகளுக்கு அது ஓரளவு பொருந்தியது. ஆனால் அவ்விதி பலரையும் உயரத்தின் மீது மோகங் கொள்ளச் செய்தது.

அம்மோகம் 1901-ல் பெரும் பாடம் ஒன்றைப் பெற்றது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் செய்தி அனுப்புவதற்காக, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் போல்டு என்னுமிடத்தில் 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினர். கம்பங்களின் தலைகள் ஒன்றோடொன்று கம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தனித்து எப்பக்கமும் தாங்கி நிற்குமாறு கட்டப்படவில்லை. ஒன்று சாயின் அனைத்தும் சாயும் என்று மார்க்கோனியின் பொறியியலாளர் வைவியன் அஞ்சினார். அவ்வாறே நிகழ்ந்தது. செப்டம்பர் 17-ஆம் நாள் அடித்த புயலில் அவ்வட்டம் முழுதும் வீழ்ந்தது. அமெரிக்கக் கரையில் அதே முறையில் எழுப்பிய கம்பங்களும் நவம்பர் மாதத்தில் விழுந்தன.

மார்க்கோனி சோர்ந்திலர். போல்டுவில் இரண்டே கம்பங்களுக்கிடையே விசிறி போலக் கம்பிகளைத் தொங்கவிட்டு, தாம் நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குச் சென்று, பட்டம் ஒன்றின் வாலில் ஏறத்தாழ 500 அடி நீளக் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார். பலத்த காற்றில் பட்டம் தத்தளித்தது. டிஸம்பர் 12-ஆம் நாள், மூன்று புள்ளிகளாலான ‘எஸ்’ எழுத்தைக் கேட்டதாக அவர் அறிவித்தார். உண்மையில் கேட்டது என்ன என்று பிற்கால அறிஞர் சிலர் ஐயுறுவர். ஆயினும், இருபது கம்பங்கள் செய்ய வேண்டியிருந்த வேலையை ஒரு காற்றாடியிடம் ஒப்படைக்க நேர்ந்தது என்பதில் ஐயமில்லை.

உயரமும் பேராற்றலும் இன்றித் தொலைவை வெல்லலாம் என்று காட்டியவர்கள் அமெச்சூர்களே. 1912-ல் அமெரிக்க அரசு, வாணிபத்துக்குப் பயன்படா என்று கருதப்பட்ட 200 மீட்டருக்குட்பட்ட சிற்றலைகளையே அவர்களுக்கு ஒதுக்கியது. ஒதுக்கப்பட்ட புறம்போக்கில் அவர்கள் பொன் விளைவித்தனர். 1921 டிஸம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸன் கடற்கரைக்கு வந்து, குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்தில் அமர்ந்தார். அவர் கோபுரம் எழுப்பவில்லை. ஏறத்தாழ 1,300 அடி நீளமுள்ள ஒற்றைக் கம்பியை, 12 அடி உயரமேயுள்ள கழிகளின் மீது அமெரிக்காவை நோக்கி நீட்டினார். அதனைக் கண்டறிந்த பெவரேஜ் என்பாரின் பெயரால் அவ்வகை ஏரியல் வழங்குகிறது. வேண்டிய திசையிலிருந்து வரும் அலையை அது ஏற்கும். ஏனைய திசைகளின் இரைச்சலைப் பெரிதும் தள்ளும். அக்கம்பியில்தான் அமெரிக்க அமெச்சூர் நிலையங்களின் குரல் வந்து சேர்ந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1923 நவம்பரில், பிரான்ஸின் நீஸ் நகரத்து அமெச்சூர் ஒருவர் அமெரிக்க அமெச்சூர்களுடன் இருவழியாகவே உரையாடினார்.

பெரியதைக் காட்டிலும் பொருத்தமானதே சிறந்தது என்ற இப்பாடம், பின்னர் தெளிந்த கணக்காயிற்று. ஏரியலின் நீளம் அலையின் நீளத்துக்கு இசைதல் வேண்டும். 143 என்ற எண்ணை, மெகாஹெர்ட்ஸில் கூறப்படும் அலைவரிசை எண்ணால் வகுத்தால், அரை அலைக் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர், 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 மீட்டர். கம்பியை நடுவில் வெட்டி, அவ்விடத்தில் கேபிளை இணைத்தால், ஹெர்ட்ஸின் பழைய ஏரியலே மாடியில் எழுந்து விடுகிறது.

உயரத்தின் கணக்கு இன்னும் சுவையானது. கிடையாகக் கட்டிய கம்பி, அரை அலையளவு உயரத்தில் நின்றால், அதன் ஆற்றல் தொடுவானை நோக்கிச் சாய்ந்து சென்று, மேல்வானத்து அயனி மண்டலத்தில் பட்டு, நெடுந்தொலைவில் இறங்கும். கால் அலையினும் தாழ்ந்து நின்றால், ஆற்றலில் பெரும்பங்கு நேரே மேலெழுந்து, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் மழை போல் திரும்பி வீழும். ஆகவே 10 மீட்டர் உயரமுள்ள ஒரே கம்பம், 14 மெகாஹெர்ட்ஸில் கடல் கடந்து பேசுவதற்கு ஏற்றதாகவும், 7 மெகாஹெர்ட்ஸில் அண்டை மாவட்டத்தோடு பேசுவதற்கு ஏற்றதாகவும் அமைகிறது. எந்த ஏரியல் நல்லது என்று கேட்போரை, நீங்கள் யாரோடு பேச விரும்புகிறீர்கள் என்று அனுபவசாலிகள் திருப்பிக் கேட்பதன் காரணம் இதுவே.

திசையைத் தேர்ந்து பேசும் கலைக்கு ஜப்பான் பெருங்கொடை அளித்தது. ஸெண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஷிண்டாரோ உடாவும் அவருடைய ஆசிரியர் ஹிடெட்ஸுகு யாகியும், நேர்க்கம்பி ஒன்றன் முன்னும் பின்னும் தொடர்பற்ற கம்பிகளை நிறுத்தி, ஆற்றலை ஒரு திசையில் குவிக்கும் முறையை 1926-ல் வெளியிட்டனர். அவர்கள் நாட்டில் அதற்கு மதிப்பில்லை. 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, பிரிட்டிஷாரின் ரேடார் குறிப்புகளில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்ட ஜப்பானியர், அதன் பொருள் விளங்காமல் கைதியிடம் கேட்டறிந்தனர் என்று கூறுவர். நம் நாட்டில் 1980-களில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் நின்ற தொலைக்காட்சி ஏரியல் இந்த யாகியே. காக்கை அமர்ந்து திசை மாற்ற, ஒருவர் மாடியில் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து ‘போதும், போதும்’ என்று கூவிய காட்சியை யாரே மறப்பர்?

ஓரிடத்தில் சிறந்தது மற்றோரிடத்தில் பழுதாதலும் உண்டு. தென் அமெரிக்காவில் கடல் மட்டத்துக்கு மேல் 9,000 அடிக்கும் அதிகமான உயரத்திலுள்ள கீட்டோ நகரத்து ஒலிபரப்பு நிலையம் ஒன்றில், இத்தகைய ஏரியலின் கூர்முனைகளில் அடர்வு குறைந்த காற்று ஒளிர்ந்து எரிந்து உலோகத்தையே உருக்கியது. அந்நிலையத்தின் பொறியியலாளரும் அமெச்சூருமான கிளாரென்ஸ் மூர், 1940-களின் தொடக்கத்தில், முனையே இல்லாதவாறு கம்பியைச் சதுரமாக வளைத்தார். ‘குவாட்’ என்ற அவ்வகையை உலகெங்குமுள்ள அமெச்சூர்கள் இன்றும் கையாளுகின்றனர்.

ஏரியலைத் தேர்ந்தெடுத்தல் பாதி வேலை. அதனை நிறுத்துதல் மறு பாதி. போல்டுவின் பாடம் இங்கே பயன்படுகிறது. கம்பத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் மூன்று திசைகளிலேனும் ஸ்டே கம்பிகள் வேண்டும். 10 மீட்டர் கம்பத்துக்கு அவற்றின் முளைகள் 6 முதல் 8 மீட்டர் தள்ளி மண்ணில் ஆழ இறங்க வேண்டும். அக்கம்பிகளே அலையை உறிஞ்சிக் கொள்ளாவண்ணம் இடையிடையே முட்டை வடிவப் பீங்கான் கோப்பது வழக்கம். பீங்கான் உடைந்தாலும் இரு கம்பிகளின் கொக்கிகளும் ஒன்றையொன்று பற்றி நிற்குமாறு அதனைக் கோப்பதில் முன்னோரின் நுண்ணறிவு விளங்குகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். மார்க்கோனியின் விதி எல்லா அலைகளுக்கும் பொருந்தவில்லை. காற்றின் விதியோ என்றும் தவறுவதில்லை. சாய்ந்தால் எட்டும் தூரத்தில் மின்சாரக் கம்பி இருத்தல் ஆகாது. மின்னல் காலத்தில் ஏரியலைக் கருவியினின்றும் பிரித்து நிலத்தொடர்பில் விடுதல் உயிர் காக்கும் பழக்கமாகும்.

இந்தியாவில் இக்கலை நூறாண்டைக் கடந்தது. அமரேந்திர சந்திர குப்து 1921-லேயே அமெச்சூர் நிலையம் இயக்கினார். சென்னையில் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே மாதத்தில் மாகாண ரேடியோ கிளப் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசின் நிலையம் சென்னைக்கு வந்தது 1938-ல்தான். ஆர்வலர்கள் பதினான்கு ஆண்டுகள் முந்திக் கொண்டனர். அக்காலத்துக் கிரிஸ்டல் செட்டுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. மாடிக் கம்பி வாங்கிக் கொடுத்த ஆற்றலே காதில் ஒலியாயிற்று.

ஆர்வலர்களின் கம்பி உயிர் காத்த நாள் 2004 டிஸம்பர் 26. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் அந்தமானில், கடல்கோள் வந்தபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் முதலிய அமெச்சூர்கள், உலகத்து நண்பர்களோடு உரையாடும் பொருட்டு அம்மாதமே போர்ட் பிளேருக்கு வந்து நிலையம் அமைத்திருந்தனர். அதிர்ச்சி அடங்கியதும் நிலையத்தை மீண்டும் இயக்கி, தீவுகளில் இருப்போரின் நலத்தைத் தாயகத்துக்குச் சொன்னார்கள். குழுவினருள் சிலர் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கார் நிக்கோபாருக்கும் பின்னர்ச் சென்றனர். இருக்கிறாரா, இல்லையா என்று அறியாமல் தவித்த குடும்பங்களுக்கு ஒரு பெயரும் ‘நலம்’ என்ற ஒரு சொல்லும் போதுமாயிருந்தன.

கைப்பேசி யாவர் கையிலும் உள்ள இக்காலத்தில் இக்கம்பிகள் எதற்கு என்று சிலர் வினவலாம். கைப்பேசி பேசுவதும் கோபுரங்களின் வழியேதான். அக்கோபுரங்கள் வீழும் நாளில், இரண்டு மூங்கிலும் இருபது மீட்டர்க் கம்பியும் ஒரு மின்கலமும் தேர்ந்தார் கையில் இருப்பின், மனிதக் குரல் மறுபடியும் எழும். ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அக்குரலின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுமா?