இல்லை என்று சொல்லும் ரத்தம்

"கல்லுதான் ஸ்கேன்லயே தெரியுதே, அப்புறம் எதுக்குடா இவ்ளோ ரத்தம் எடுக்கறாங்க?" பித்தப்பை ஆபரேஷனுக்காக அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா கேட்டாங்க. பதில் தேடப் போய் ஒரு நீண்ட கதை கிடைத்தது.

1882 ஜூலையில் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். பையோடு கல்லும் போய்விடும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஒரு கல் நழுவி, பித்தக்குழாயில் போய் உட்கார்ந்திருக்கும். பையை எடுத்தாலும் அது அங்கேயே கிடக்கும். பின்னாளில் மஞ்சள் காமாலை, குளிர்காய்ச்சல், கணைய அழற்சி என்று வேலையைக் காட்டும். குடலில் உள்ள வாயு மறைப்பதால் குழாயின் கீழ்ப்பகுதி சாதாரண ஸ்கேனில் பல நேரம் தெரியாது.

தடயம் ரத்தத்தில் இருக்கிறது. ஏரி மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் ஏறும் இல்லையா, அதே கதைதான். போக வழியில்லாத பித்தம் ரத்தத்தில் கலக்கும். பித்த நிறமியான பிலிருபினோடு சேர்ந்தால் சிவக்கும் வினைபொருளை 1883இல் பால் எர்லிக் கண்டார். 1916இல் டச்சு மருத்துவர் வான் டென் பெர்க் இன்னொன்றைக் கவனித்தார். குழாய் அடைத்தவர்களின் ரத்தம் ஆல்கஹால் சேர்க்காமலே நிறம் மாறியது. இன்றைய ரிப்போர்ட்டில் வரும் 'டைரக்ட் பிலிருபின்' அதன் வாரிசு. 1930களில் அல்கலைன் பாஸ்படேஸும், 1950களில் எஸ்ஜிஓடி போன்ற என்சைம்களும் சேர்ந்தன.

வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் சர்ஜன் குழாயை விரலால் தடவிப் பார்ப்பார். 1990இல் மும்பை ஜேஜே மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை எடுத்தார். பிறகு அதுவே நாடெங்கும் வழக்கமானது. சின்னத் துளைக்குள் விரல் போகாது. ஆகவே சந்தேகத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளும் தேவை கூடியது.

இந்த டெஸ்ட் கல் 'இருக்கு' என்பதைவிட 'இல்லை' என்பதைத்தான் நன்றாகச் சொல்லும். எல்லா அளவும் சரியாக இருந்தால் குழாயில் கல் இல்லை என்று சுமார் 97 சதவீதம் நம்பலாம். ஏதோ ஒன்று கூடியிருந்தால் கல் இருக்க வாய்ப்பு 15 சதவீதம்தான். பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் ஏறும். அதனால்தான் சந்தேகம் வந்தால் எம்ஆர்சிபி ஸ்கேன், கல் உறுதியானால் ஈஆர்சிபி என்று படிப்படியாகப் போகிறார்கள்.

பெரியம்மாவுக்கு எல்லாமே நார்மல். "இல்லைன்னு சொல்லவா இவ்ளோ ரத்தம்?" என்று சிரிச்சாங்க. மீதி மூணு சதவீதத்தைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. "வீட்டுக்குப் போனப்புறம் கண்ணு மஞ்சளானாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே போன் பண்ணுங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன்.